லாடத்தைக் கழற்றிவிடலாமா? குதிரை, மட்டக்குதிரை, கழுதைகளின் வெறுங்குளம்புப் பராமரிப்பு

கேட்டிருப்பது இதுதான்: அந்தியூர் குருநாதசாமி ஆடிச் சந்தையில் வாங்கிய ஆறு வயதுக் கத்தியவார்ப் பெட்டைக் குதிரை ஒன்று, பிள்ளைகளுக்காக ஒரு மட்டக்குதிரை, இரண்டு கழுதைகள். பெட்டைக்கு நான்கு கால்களிலும் லாடம் இருக்கிறது. லாடம் அடிப்பவர் கூப்பிட்ட நாளுக்கு வருவதில்லை. வந்தாலும் அவர் வழக்கமாக அடிப்பது காளைகளுக்கு. பேசாமல் லாடத்தைக் கழற்றிவிட்டு வெறுங்குளம்போடு வைத்துக்கொள்ளலாமா, அப்படியானால் நான்கு உயிர்களின் குளம்புகளையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கழற்றலாம். நீங்கள் சொல்வதிலிருந்து பார்த்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தோட்டத்திலும் மண்பாதையிலும் ஏறும் குதிரைக்கு லாடம் தேவைப்படாது. ஆனால் லாடத்தைக் கழற்றுவது அரை மணி நேர வேலை. கழற்றிய பிறகு ஓராண்டு வரை தரை, நடை, தீனி ஆகிய மூன்றிலும் நீங்கள் செய்யும் மாற்றங்கள்தான் வெறுங்குளம்புப் பராமரிப்பு. கத்தியும் அரமும் அதற்குப் பிறகுதான். இந்த மூன்றையும் மாற்ற வசதியில்லை, லாடத்தை மட்டும் கழற்றுகிறேன் என்றால், லாடமே இருக்கட்டும் என்பேன்.

முதலில் குளம்பைப் பாருங்கள். காலைத் தூக்கி அடியைச் சுத்தம் செய்தால், வெளிவட்டமாகத் தெரிவது குளம்புச் சுவர். நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. சுவருக்கு உட்புறம் வெளிர்மஞ்சளாக ஒரு கோடு ஓடும். சுவரும் அடித்தளமும் சேரும் இடம் அது, வெண்கோடு என்பார்கள். அதற்குள் சற்றுக் குழிந்திருப்பது அடித்தளம். இரண்டு குதிகளுக்கும் நடுவில் தொடங்கி, முன்னோக்கிக் கூராகி வரும் முக்கோணமான, அழுத்தினால் லேசாக அமுங்கும் பகுதி ஒன்று இருக்கிறது. இந்தப் பதிலில் அதை ஆப்பு என்று எழுதுகிறேன். ஆப்பின் இருபுறமும் இரண்டு பள்ளங்கள். வெளியே தெரியாமல் ஆப்புக்கு மேலே இருப்பது குதிமெத்தை. கொழுப்பு, நார், குருத்தெலும்பு கலந்தது.

எடை இறங்கும்போது குதிகள் சற்று விரிகின்றன. ஆப்பும் மெத்தையும் அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் இரத்தம் அழுத்தப்பட்டு மேலே தள்ளப்படுகிறது. கால் எழும்போது குதிகள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இந்த விரிவையும் சுருக்கத்தையும் 1809-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் பிரேசி கிளார்க் விளக்கி, ஆணியடித்த லாடம் இதற்குத் தடையாக இருக்கிறது என்று வாதிட்டார். அவர் காலத்திலிருந்தே சண்டை ஓயவில்லை. லாடம் அடித்தும் பல ஆண்டுகள் நன்றாக உழைக்கும் குதிரைகள் ஏராளம், அதை மறுப்பதற்கில்லை. லாடம் செய்வது இவ்வளவுதான்: எடை முழுவதையும் சுவரின் விளிம்பில் ஏற்றி, ஆப்பையும் அடித்தளத்தையும் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. தரையைத் தொடாத ஆப்பு சுருங்குகிறது. மெத்தை வளராமல் நிற்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குளம்பின் உள்ளமைப்பை ஆராய்ந்த ராபர்ட் பவ்கர் அழுத்திச் சொன்னதும் இந்தப் பின்பகுதியைப் பற்றித்தான். நல்ல குளம்பு என்றால் முன்நுனியின் அழகைப் பார்க்கக் கூடாது, குதியின் வலுவைப் பார்க்க வேண்டும்.

வலுவை வீட்டிலேயே சோதிக்கலாம். சமதரையில் ஒருவர் குதிரையைச் சாதாரண நடையில் பிடித்துச் செல்லட்டும். நீங்கள் பக்கவாட்டில், தரைமட்டத்தில் செல்பேசியை வைத்து வேகம் குறைத்துப் படமெடுங்கள். குதியை முதலில் வைத்தாலோ, மொத்தக் குளம்பையும் தட்டையாக வைத்தாலோ கவலையில்லை. முன்நுனியைக் குத்தி வைத்துவிட்டுப் பிறகு குதியை இறக்கினால், பின்பகுதி வலிக்கிறது அல்லது வலுவிழந்திருக்கிறது என்று பொருள். லாடத்தைக் கழற்றும் முன் ஒரு படம், பிறகு மாதம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முயற்சி சரியாகப் போகிறதா என்பதை என்னைவிட அந்தப் படங்கள் நன்றாகச் சொல்லும்.

இது ஏதோ புதிய மேல்நாட்டு மோகம் என்று உங்கள் மாமனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவர் செனபோன் குதிரை வளர்ப்பைப் பற்றி எழுதியபோது, குதிரையைத் தேய்த்துவிடும் முற்றத்தில் கைப்பிடி அளவுள்ள உருண்டைக் கற்களை நான்கைந்து வண்டி கொட்டி, சிதறாமல் இரும்பால் சுற்றுக் கட்டி, அதன்மேல் குதிரையை நிற்க வைக்கச் சொன்னார். குளம்பு உறுதிப்படும் என்பது அவர் கணக்கு. ஆணியடித்த லாடம் அன்றைய கிரேக்கப் படைகளில் இல்லை. மாமனாருக்குப் பக்கத்து ஊர்ச் சான்று வேண்டுமென்றால், தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சுமந்து சென்ற கழுதைகளின் படத்தைச் செய்தித்தாளில் காட்டுங்கள். சாலை இல்லாத கல்பாதையில் சுமையோடு ஏறிய அந்தக் கழுதைகளின் கால்களை ஒருமுறை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றைய வெறுங்குளம்பு இயக்கத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர் அமெரிக்க லாடக் கலைஞர் ஜெய்மி ஜாக்சன். 1982 முதல் 1986 வரை நெவாடா பகுதியின் வறண்ட வெளிகளில் திரியும் குதிரைகளைக் கவனித்தார். குட்டையான முன்நுனி, உருண்டு மழுங்கிய விளிம்பு, தாழ்ந்த குதி, தடித்த அடித்தளம். யாரும் சீவாமலே அப்படி இருந்தன. அதிலிருந்து சிலர் பிழையான முடிவுக்கு வந்தார்கள்: அந்த வடிவத்தை அரத்தால் செதுக்கிவிட்டால் நம் குதிரைக்கும் அந்தக் குளம்பு வந்துவிடும் என்று. வராது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே காட்டில் திரியும் குதிரைகளுக்கு ஜி.பி.எஸ். கருவி கட்டிப் பார்த்தபோது, அவை நாளொன்றுக்குச் சராசரியாக 16 கிலோமீட்டர் நடந்தன. லாயத்தில் கட்டிய குதிரை தண்ணீர்த் தொட்டிக்கும் தீனித் தொட்டிக்கும் நடுவே எத்தனை அடி நடக்கும்? அதே ஆய்வாளர்கள் அந்தக் குளம்புகளின் உள்ளே பார்த்தபோது, பழைய குளம்பழற்சியின் (குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் அடுக்குகள் தளரும் நோய்) தடங்களும் நிறையவே கிடைத்தன. காட்டுக்குதிரை என்றாலே குறையற்ற குளம்பு என்ற நம்பிக்கையும் அத்தோடு போயிற்று. காட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நடையை, வடிவத்தை அல்ல.

யாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே வளர்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுவதும் தார்ச்சாலையில் நடக்கும் குதிரைக்குத் தேய்மானம் வளர்ச்சியை முந்திவிடும். வண்டி இழுக்கும் குதிரைக்கும் அப்படியே. அவற்றுக்கு லாடமோ, கட்டிக் கழற்றக்கூடிய ரப்பர்க் காலணியோ வேண்டும். பிறவியிலேயே அடித்தளம் மெல்லியதாக இருக்கும் குதிரைகளும் சில உண்டு. என்ன செய்தாலும் சரளையில் கூசும். அவற்றை வெறுங்குளம்போடு நடக்கவிட்டுக் கொள்கையைக் காப்பாற்றுவது கொடுமை.

உங்கள் பெட்டைக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாடத்தைக் கழற்றாதீர்கள். ஊறிய சுவர் பழைய ஆணித்துளைகளின் வழியே பிளந்து உதிரும், அழுகலும் சேர்ந்துகொள்ளும். தை பிறந்து தரை காய்ந்த பிறகு செய்யுங்கள். கழற்றுபவர் முதலில் சுவரின் வெளிப்புறம் மடக்கி விட்டிருக்கும் ஆணி நுனிகளை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். குறட்டைக் கொடுத்து லாடத்தை மொத்தமாக நெம்பினால் சுவரும் பெயர்ந்துகொண்டு வரும். அன்றைக்கே அடித்தளத்தைச் சீவ விடாதீர்கள். வெளிவிளிம்பை மட்டும் அரத்தால் உருட்டிவிட்டால் போதும். இவ்வளவு நாள் இரும்பின் மேல் நின்ற அடித்தளத்துக்கு இருக்கும் தடிமன் முழுவதும் தேவைப்படும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் லாடம் அடிப்பவர்களில் பெரும்பாலோர் காளையில் தொழில் படித்தவர்கள். காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, பிளவுபட்ட குளம்பின் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனித் தகடு வைத்து ஆணி இறக்குவார்கள். கத்தியில் கூர்மை, கையில் வேகம், அனுபவத்தில் குறையே சொல்ல முடியாது. அதே வேகத்தில் குதிரையின் அடித்தளத்தையும் பளிச்சென்று வெளுக்கும்வரை சீவிவிடுவார்கள். ஆப்பைக் கூரான முக்கோணமாகச் செதுக்கிக் காட்டுவார்கள். உரிமையாளருக்கும் பார்க்கத் திருப்தி. மறுநாள் குதிரை சரளையில் கால் வைக்காது. ‘லாடம் இல்லாமல் இதற்கு ஆகாது’ என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அவரோடு சண்டை வேண்டாம். வேலை தொடங்கும் முன்பே, ‘அண்ணே, அடியிலும் ஆப்பிலும் கத்தி வைக்காதீர்கள், விளிம்பு மட்டும் போதும்’ என்று சொல்லிப் பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.

கழற்றிய முதல் சில வாரங்கள் மண்தரையில் கையில் பிடித்து நடத்துவது மட்டும். ஏற வேண்டாம். அடுத்து, நாளுக்குப் பத்து நிமிடம் சமமான கெட்டித்தரையில் சாதாரண நடை. குதிரை தயங்காமல் போனால் மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். வெயில் நேரத்தில் தார்ச்சாலை வேண்டாம். சரளையில் கூசினால் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் முன்கால்களுக்குக் காலணி மாட்டுங்கள். வலியோடு நடந்தால் குளம்பு உறுதிப்படும் என்பது பொய். வலிக்கிற குதிரை முன்நுனியில் நடக்கும். முன்நுனியில் நடந்தால் பின்பகுதி வளராது. நாம் தேடிப் போனதற்கு நேர் எதிரான பலன்தான் கிடைக்கும்.

மேல் விளிம்பில், மயிர் முடியும் இடத்தில் முளைக்கும் புதுச்சுவர் முன்நுனியில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். குதியில் உயரம் குறைவு என்பதால் அதைவிடச் சீக்கிரம். ஆகவே ஓராண்டு கழித்து நீங்கள் பார்க்கப்போவது முழுக்க முழுக்க உங்கள் வீட்டில் வளர்ந்த குளம்பு. அதுவரை அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இந்த வளர்ச்சிக் கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். குளம்புச் சுவரைக் கழுவித் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாகக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். குறுக்காக மேடும் பள்ளமுமாக வளையங்கள் தட்டுப்படும். மயிர்விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே ஒரு வளையம் துருத்திக்கொண்டிருந்தால், மூன்று நான்கு மாதங்களுக்கு முன் உடம்பில் ஏதோ நடந்திருக்கிறது: தீனி மாறியிருக்கலாம், காய்ச்சல் வந்திருக்கலாம், நீண்ட லாரிப் பயணமாக இருக்கலாம். சுற்றிலும் ஒரே இடைவெளியில் ஓடும் வளையங்கள் பெரும்பாலும் பருவ மாற்றத்தின் அடையாளம். முன்நுனியில் நெருங்கியும் குதியில் அகன்றும் விசிறியாக விரியும் வளையங்கள்தான் கவலைக்குரியவை. குளம்பழற்சி ஏற்கெனவே வந்து போயிருக்கலாம் என்பதை அவை காட்டுகின்றன. சந்தையில் பல் பிடித்து வயது பார்க்கிறவர்கள் இதையும் பார்த்தால் பாதி ஏமாற்றம் குறையும். விற்பவர்கள் குளம்புக்கு எண்ணெய்யும் கறுப்பும் பூசிக் கொண்டுவருவது பளபளப்புக்காக மட்டும் அல்ல.

சீவுவதற்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்பது பொது வழக்கு. நீங்களே கற்றுக்கொள்வதானால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அரத்தை மட்டும் எடுங்கள். கொஞ்சமாக, அடிக்கடி. முதல் ஒன்றிரண்டு முறை அனுபவமுள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கொக்கியால் குதியிலிருந்து முன்நுனி நோக்கிச் சுத்தம் செய்தபின், ஆப்பின் கூர்முனைக்கு இருபுறமும் உள்ள பள்ளத்தின் ஆழத்தைப் பாருங்கள். அடித்தளத்தின் தடிமனைப் பற்றி வெளியிலிருந்து கிடைக்கும் நம்பகமான குறிப்பு அதுதான். கூர்முனை அருகே அந்தப் பள்ளம் 1 சென்டிமீட்டர்கூட இல்லையென்றால் அடித்தளம் மெல்லியது. கத்தியை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தானாகப் பொடிந்து உதிரும் சுண்ணாம்பு போன்ற பழைய படலத்தைச் சுரண்டலாம். அதன்கீழ் மெழுகுப் பதத்தில் இருப்பது உயிருள்ள அடித்தளத்தின் காப்பு, அது இருக்கட்டும்.

சுவர், அடித்தளத்தைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் உயர்ந்து நிற்கும்படி அரத்தால் மட்டப்படுத்துங்கள். பிறகு வெளிவிளிம்பைச் சாய்வாகத் தேய்த்து உருட்டிவிடுங்கள். கூராக விட்ட விளிம்புதான் கல்லில் மோதிச் சில்லு சில்லாகப் பெயரும். குதியை ஆப்பின் அகன்ற பகுதி இருக்கும் மட்டத்தை நோக்கிக் கொண்டுவர வேண்டும். உயர்ந்திருக்கிறதே என்று ஒரே நாளில் இறக்கினால் பின்தசைநாண்களில் இழுப்பு ஏற்படும். பல முறைகளில் பிரித்துச் செய்யுங்கள். இடம் வலம் சமமா என்பதைக் காலைத் தொங்கவிட்டு, குதியின் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். பக்கவாட்டில் அகன்று விரிந்த சுவரைக் கீழிருந்துதான் திருத்த வேண்டும். வெளிப்பக்கத்தைத் தேய்த்து அழகாக்கினால் சுவர் மெலிந்து பலமிழக்கும். ஆப்பில் தொங்கும் கிழிசல்களை மட்டும் நறுக்குங்கள்.

அரத்தைவிட அதிகமாகச் சீவித் தருவது தரை. கொட்டகையில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பட்டாணி அளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரையுள்ள உருண்டைக் கூழாங்கற்களை அரை முழ ஆழத்துக்குப் பரப்புங்கள். நான்கும் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அதில்தான் நிற்கும். குளம்பின் அடி முழுவதும் எடையைப் பகிர்ந்துகொள்ளும். கிரஷர் ஜல்லி வேண்டவே வேண்டாம், அதன் முனைகள் அடித்தளத்தைக் குத்தும். தீனியை ஒரு கோடியிலும் தண்ணீரை மறு கோடியிலும் வைத்து, இரண்டுக்கும் நடுவே வேலி ஓரமாக ஒரு சுற்றுப்பாதை விட்டால், நீங்கள் பிடித்து நடத்தாமலேயே நாளெல்லாம் நடக்கும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், யாரிடமாவது குத்தகைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், சரளை கலந்த காய்ந்த நிலம். குளம்புக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. சிமெண்டுத் தரையில் சிறுநீர் தேங்கி நிற்கும் கொட்டகை அதற்கு நேர் எதிர். படுக்கைக்குத் தென்னை நார்க்கழிவு போட்டால் ஈரத்தை உறிஞ்சும். நனைந்ததை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

தீனியில்தான் நம்மவர்கள் அதிகம் கெடுக்கிறார்கள், அதுவும் பாசத்தால். குதிரைக்கு நார்த்தீனிதான் அடிப்படை. உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை உலர்தீனி நாளொன்றுக்கு வேண்டும். 320 கிலோ எடையுள்ள பெட்டைக்கு ஏறத்தாழ 5 முதல் 6 கிலோ என்று வையுங்கள். சோளத்தட்டு, கொழுக்கட்டைப் புல், கொஞ்சம் குதிரைமசால். கொள்ளு வேலைக்கு ஏற்ற அளவில் போதும். வேலை செய்யாத குதிரைக்கு வேளைக்கு ஒரு படி கொள்ளும் கைநிறைய வெல்லமும் கொடுத்துவிட்டு, குளம்பு ஏன் வெடிக்கிறது என்று கேட்கக் கூடாது. கோயில் குதிரைகளுக்குப் பக்தர்கள் ஊட்டும் சர்க்கரைப் பொங்கலும் வாழைப்பழமும் இதே கணக்குத்தான்.

கம்பு நேப்பியர் புல்லை மாட்டுக்கு வளர்க்கிறோமே, அதையே போட்டுவிடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். மாட்டுக்குச் சரி. அந்தப் புல்லில் ஆக்சலேட் மிகுதி. குதிரையின் குடலில் அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுக்கட்டைப் புல்லிலும் ஓரளவு உண்டு. கூடவே பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டை மூட்டை மூட்டையாகக் கொடுத்தால், உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். முக எலும்பு உப்பும், நடை கெடும். பசுந்தீனியை மாற்றி மாற்றிக் கொடுங்கள், தவிட்டைக் குறையுங்கள், குதிரைமசாலை விடாதீர்கள். அதில் கால்சியம் நிறைய இருக்கிறது.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். லிப்பிசானர் இனக் குதிரைகளுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குளம்பின் தரம் மேம்பட்டது. ஆனால் அதற்குப் பல மாதம் பிடித்தது; வளரும் வேகம் கூடவில்லை. துத்தநாகமும் செம்பும் கலந்த தாது உப்புக் கலவையை முதலில் சரிசெய்யுங்கள். பிறகும் சுவர் நொறுங்கினால் பயோட்டின் பார்க்கலாம். வேப்பெண்ணெய் பூசுவதால் குளம்பு வளராது, கெடுதலும் பெரிதாக இல்லை. வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலைப் பூசும் பழக்கத்தை மட்டும் விட்டொழியுங்கள்.

மழைக்காலத்தில் ஆப்பின் பள்ளங்களைத் தினமும் பாருங்கள். அழுகல் வந்தால் கண்ணைவிட மூக்குக்கு முதலில் தெரியும். கொக்கியின் நுனியில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த நாற்றம் கையைக் கழுவினாலும் போகாது. ஆப்பின் பின்பகுதியில் நடுவே இருக்கும் பிளவையும் மறக்காதீர்கள். ஆரோக்கியமான ஆப்பில் அது விரல்நுனி படியும் அகலமான பள்ளம். அழுகிய ஆப்பில் ஆழமான கீறலாகி, பஞ்சுத் துணியைத் திணித்தால் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குதிரை முன்நுனியில் நடப்பதற்கு, யாரும் சந்தேகிக்காத இந்தக் கீறல்தான் பல நேரம் காரணம். உப்புநீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, நீர்த்த போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சைக் கீறலில் வைத்து, தினமும் மாற்றுங்கள். மயில்துத்தத்தை அள்ளி அப்பும் வைத்தியம் வேண்டாம். உயிருள்ள திசுவையும் அது பொசுக்கிவிடும். நின்ற இடம் காயாவிட்டால் எந்த மருந்தும் பலிக்காது.

மட்டக்குதிரை விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே பயம் குளம்பழற்சி. மட்டங்களும் கழுதைகளும் வறண்ட தீனியில் பிழைக்கப் பிறந்தவை. மிஞ்சிய சர்க்கரையும் மாவுச்சத்தும் இன்சுலினை ஏற்றி, சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைக்கும் இதழ் போன்ற அடுக்குகளைத் தளரச் செய்யும். கழுத்தின் மேல்விளிம்பு கொழுத்துக் கெட்டியாகிவிட்டால் எச்சரிக்கை. முன்கால்களை முன்னே நீட்டிப் பின்கால்களில் சாய்ந்து நிற்பது, திரும்பச் சொன்னால் மறுப்பது, குளம்பு சுடுவது, கணுக்காலின் பின்புறம் விரல் வைத்தால் நாடி துள்ளுவது: இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலும் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை ஆழமான மணலில் நிற்க வைத்து, கால்களை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். தானியத்தை நிறுத்துங்கள், நடத்தாதீர்கள். நலமாக இருக்கும் நாளிலேயே அந்த நாடியைத் தொட்டுப் பழகிவிட வேண்டும். இல்லாவிட்டால் துள்ளும் நாளில் வேறுபாடு புரியாது.

கழுதையைச் சின்னக் குதிரை என்று நினைத்துச் சீவக் கூடாது. அதன் குளம்பு குறுகியது, குதிரையுடையதைவிட நிமிர்ந்து நிற்பது, சுவரின் தடிமன் முன்நுனியிலிருந்து குதிவரை ஏறத்தாழ ஒரே அளவு. ஆப்பு இன்னும் பின்னால் தள்ளியிருக்கும். குதிரையின் சாய்வுக்குக் கொண்டுவருகிறேன் என்று குதியை வெட்டினால் கெடுத்துவிடுவீர்கள். வறண்ட நிலத்துப் பிராணியின் குளம்பு என்பதால் ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். மழையில் நனைந்தபடி கட்டிப்போட்ட கழுதைக்கு வெண்கோட்டில் அழுகல் ஏறி, சுவர் உட்புறமாகப் பொந்தாகும். ஆறு முதல் பத்து வாரத்துக்கு ஒரு முறை சீவினால் போதும். கவனிக்காமல் விட்டதில் முன்நுனி நீண்டு சுருண்டுபோயிருந்தால், எக்ஸ்ரே பார்த்தபின் மருத்துவர் சொல்படி சில தவணைகளில் குறையுங்கள்.

முன்கால்களுக்குத் தளை போட்டு மேயவிடுவது நம் ஊர்ப் பழக்கம். தளை போட்ட கழுதை நடப்பதில்லை, தாவுகிறது. குளம்பு ஒரே பக்கம் தேய்கிறது, கணுக்காலும் புண்ணாகிறது. வேலி கட்ட முடியுமென்றால் தளையை எடுத்துவிடுங்கள். சீவும்போது ஒன்றின் பக்கத்தில் மற்றதும் நிற்கட்டும், துணை கண்ணில் படாவிட்டால் கழுதை கலங்கிவிடும். காலை உயரத் தூக்காதீர்கள். உங்கள் முழங்காலை மடக்கித் தாழ்வாகவே பிடியுங்கள். கழுதை நொண்டுவது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் வலி முற்றிவிட்டது என்று அர்த்தம். சாதாரண வலியைக் காட்டிக்கொள்ளாமலே நிற்கும். தீனியைத் தொடாமல் நின்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். கொழுத்த கழுதை பட்டினி கிடந்தால் கொழுப்பு இரத்தத்தில் கலந்து உயிரையே வாங்கிவிடும்.

குளம்பில் கை வைக்கும் முன்பே நான்குக்கும் தனுர்வாதத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குதிரையினம் அந்த நோய்க்கு மிக எளிதில் இரையாகும். நேற்று நன்றாக நடந்தது இன்று மூன்று காலில் நின்றால் பெரும்பாலும் உள்ளே சீழ். லாடம் கழற்றிய முதல் சில மாதங்களில் இது வரக்கூடும். நீங்களே தோண்டாதீர்கள். ஆப்பிலோ அதன் பள்ளத்திலோ ஆணி ஏறியிருந்தால், மருத்துவர் விரைவில் வர முடியுமானால் பிடுங்காமல் அசையாதபடி கட்டி வையுங்கள். எக்ஸ்ரேயில் அது எதைத் தொட்டிருக்கிறது என்று பார்க்கலாம். பிடுங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், ஏறிய இடத்தையும் சாய்வையும் ஆழத்தையும் படமெடுத்து, ஆணியைக் கையோடு கொண்டுபோங்கள்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. தூரிகையோடு கூடிய கொக்கி ஒன்று, குதிரைக்குளம்புக்கான அகன்ற 14 அங்குல அரம், ஒருபுறம் மட்டும் கூருள்ள சாதாரணக் குளம்புக் கத்தி, தடித்த தோல் கையுறை. குறடு இப்போதைக்கு வேண்டாம். தவறினால் ஒட்ட முடியாத அளவுக்கு ஒரே கடியில் வெட்டிவிடும். அரத்தைக் கழுவியதும் துடைத்து, வேறெதற்கும் எடுக்காமல் தனியாக வையுங்கள். மரவேலைக்கு இரவல் கொடுத்தால் பல் மழுங்கித்தான் திரும்பி வரும்.